பென்குவின் வீட்டில் பூட்டிய பெட்டி!

2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் ஒரு மாநாடு நடந்தது. கம்ப்யூட்டர் வல்லுநர்கள் பலர் கூடியிருந்தார்கள்.

மேடையில் ஒருவர் ஏறினார். அவர் பெயர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியாக்காரர்.

தொலைவில் இருந்த ஒரு கம்ப்யூட்டரோடு அவர் தொடர்பு கொண்டார். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டுப் போட்ட மென்பொருள். அது எப்படி வேலை செய்கிறது என்பது, அதைச் செய்த கம்பெனியின் ரகசியம்.

டிரிட்ஜெல் அதனிடம் ஒரே ஒரு சொல்லை எழுதினார். "ஹெல்ப்!" உதவி என்று பொருள். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து.

உடனே அந்த மென்பொருள், தனக்குத் தெரிந்த கட்டளைகளை வரிசையாக எழுதிக் காட்டியது!

அவர் பூட்டை உடைக்கவில்லை. கள்ளச் சாவி போடவில்லை. கதவைத் தட்டி, "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். பதில் வந்தது. அவ்வளவுதான்.

மேடையில் காட்டிய இந்த வேலையை, அவர் சில காலத்துக்கு முன்பே செய்திருந்தார். அதனால் பெரும் புயல் அடித்தது. ஒரு கம்பெனி முதலாளிக்குக் கோபம் வந்தது. பல நாடுகளில் இருந்த நிரல் எழுத்தாளர்கள், கணக்கு எழுதப் பேரேடு இல்லாமல் தவித்தார்கள். அந்தத் தவிப்பில் ஒரு புதிய கருவி பிறந்தது. இன்று உலகில் மென்பொருள் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது அந்தக் கருவிதான்.

நடந்தது என்ன? கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

லேகியமும் செய்முறையும்

வைத்தியர் வீட்டில் லேகியம் வாங்குகிறோம். காசு கொடுத்தால் லேகியம் கிடைக்கும். செய்முறை கிடைக்காது. என்ன மூலிகை, எத்தனை பலம், எவ்வளவு நேரம் கிண்டினார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் ரகசியம். லேகியத்தில் ஏதேனும் குறை இருந்தால், நாமாக அதைத் திருத்த முடியாது. வைத்தியரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

மென்பொருளும் அப்படித்தான். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று மனிதர்கள் வரிசையாகக் கட்டளை எழுதுகிறார்கள். அதற்கு 'மூல நிரல்' என்று பெயர். அதுதான் செய்முறை. அதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறார்கள். அதுதான் லேகியம். பல கம்பெனிகள் லேகியத்தை மட்டுமே விற்கின்றன. செய்முறை பூட்டிய பெட்டியில் இருக்கும்.

"இது சரியல்ல" என்று ஒருவர் கொடி பிடித்தார். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன்.

1980-ம் ஆண்டு வாக்கில் அவர் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்விக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு அச்சு எந்திரம் இருந்தது. அடிக்கடி அதில் காகிதம் சிக்கிக்கொள்ளும். அச்சுக்கு அனுப்பியவர் வேறு மாடியில் இருப்பார். அவருக்குத் தெரியாது. ஸ்டால்மன் அதன் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தார். காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். யாராவது ஓடி வந்து எடுத்துவிடுவார்கள்.

பிறகு புதிய எந்திரம் ஒன்று வந்தது. நம் ஊரில் நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த எந்திரம். அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் அதன் செய்முறை வரவில்லை. வேறொரு பல்கலைக் கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாக ஸ்டால்மன் கேள்விப்பட்டார். நேரில் போய்க் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்!

ஸ்டால்மன் அதை மறக்கவில்லை. 1983-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், செய்முறையை மறைக்காத மென்பொருள்களை எழுதப் போவதாக அறிவித்தார். அந்தத் திட்டத்துக்குக் 'குனூ' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு எம்.ஐ.டி. வேலையையும் விட்டார்.

அவர் ஒரு சட்டமும் வகுத்தார். "இந்த மென்பொருளை யாரும் எடுக்கலாம். திருத்தலாம். மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது செய்முறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீ பெற்ற உரிமையை அடுத்தவனுக்கு மறுக்கக்கூடாது." இதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். அதன் பெயர் ஜி.பி.எல்.

பின்லாந்து மாணவர்

ஸ்டால்மன் கூட்டத்தார் பல கருவிகளைச் செய்தார்கள். ஆனால் முக்கியமான ஒன்று குறையாக நின்றது.

வீட்டுக்கு அஸ்திவாரமும் தரையும் வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று வேண்டும். மற்ற மென்பொருள்கள் அதன் மேல் நின்றுதான் வேலை செய்யும். அதை 'இயங்குதளம்' என்கிறார்கள். அதன் நடுநாயகமான பகுதிதான் அவர்களிடம் இல்லை.

அதை எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர்! பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். வயது 21. 1991-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி, தாம் ஒரு இயங்குதளம் எழுதி வருவதாக மற்ற கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்குச் சொன்னார். இது வெறும் பொழுதுபோக்குதான் என்றும் சொல்லி வைத்தார்.

அந்தப் பொழுதுபோக்குதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு கைபேசி ஒவ்வொன்றின் அடியிலும் இருப்பது லினக்ஸ்தான். உலகத்திலேயே வேகமான 500 கம்ப்யூட்டர்களைப் பட்டியல் போடுகிறார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் மாதப் பட்டியலில் இருந்த 500-ம் லினக்சில் ஓடியவையே!

லினக்சின் சின்னம் பென்குவின் பறவை. அதற்கும் ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. லினஸ் ஒருமுறை கான்பெரா சென்றிருந்தபோது, மிருகக் காட்சி சாலையில் ஒரு குட்டிப் பென்குவின் அவரைக் கொத்தியதாம். அது முதல் அவருக்குப் பென்குவின் மேல் பிரியம்!

தொடக்கத்தில் லினஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். லினக்சைக் கொடுத்து யாரும் காசு வாங்கக்கூடாது என்பது அந்த நிபந்தனை. 1992-ம் ஆண்டில் அதை எடுத்துவிட்டார். ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். சட்டத்தை ஏற்றுக்கொண்டார். காசு வாங்கு, வாங்காமல் போ. செய்முறையை மட்டும் மறைக்காதே என்று ஆயிற்று. தாம் செய்தவற்றில் மிகச் சிறந்த காரியம் அதுதான் என்று லினஸ் பின்னால் சொன்னார்.

இலவசமா? சுதந்திரமா?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'ப்ரீ' என்று ஒரு சொல் இருக்கிறது. காசு இல்லாமல் கிடைப்பதற்கும் அதுதான் சொல். கட்டு இல்லாமல் இருப்பதற்கும் அதுதான் சொல். இதனால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்லிக் களைத்துப் போனார்கள்.

தமிழனுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் பந்தலில் ஊற்றும் மோர் இலவசம். மனத்தில் பட்டதைப் பேசுவது சுதந்திரம். ஸ்டால்மன் கேட்டது மோர் அல்ல, சுதந்திரம். அதனால்தான் தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள்.

சுதந்திர மென்பொருளை விற்கலாம். ஸ்டால்மனே தம் மென்பொருளை நாடாவில் பதிவு செய்து, 150 டாலருக்கு விற்றவர்தான். லினக்சை வைத்துத் தொழில் செய்த 'ரெட் ஹாட்' கம்பெனியை, ஐ.பி.எம். 2019-ம் ஆண்டில் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது!

ஆகவே சண்டை காசைப் பற்றியது அல்ல. பூட்டைப் பற்றியது.

கடைக்காரர்கள் வந்தார்கள்

கதவு திறந்த வீட்டுக்குள், பூட்டிய பெட்டியைக் கொண்டு வந்து வைக்கலாமா? இதுதான் கேள்வி.

சட்டப்படி வைக்கலாம். லினஸ் இதற்கு ஒரு குறிப்பே எழுதி, லினக்சோடு சேர்த்திருக்கிறார். லினக்சின் மேல் நின்று, வழக்கமான முறையில் அதனிடம் வேலை வாங்கும் மென்பொருளை ஜி.பி.எல். கட்டுப்படுத்தாது. தரை பொதுச் சொத்து. அதன் மேல் போடும் நாற்காலி அவரவர் சொத்து.

இந்த வசதி இருந்ததால் பெரிய கம்பெனிகள் வந்தன. 1998-ம் ஆண்டில், ஆரக்கிள் கம்பெனி தன் புகழ் பெற்ற கணக்குப் பதிவு மென்பொருளை லினக்சுக்குக் கொண்டு வருவதாக அறிவித்தது. "மாணவர் எழுதிய விளையாட்டுச் சாமான்" என்று நினைத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எல்லாரும் வரவேற்கவில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர், 2001-ம் ஆண்டில் லினக்சைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசினார். ஜி.பி.எல். சட்டம் தொட்டதை எல்லாம் பற்றிக்கொள்ளும் என்பது அவர் வாதம்.

காலம் மாறியது. 2014-ம் ஆண்டில் அந்தக் கம்பெனியின் தலைமைக்கு ஐதராபாத்தில் பிறந்த சத்ய நாதெள்ளா வந்தார். மைக்ரோசாப்ட் லினக்சை நேசிக்கிறது என்று அதே ஆண்டில் அறிவித்தார். 2017-ம் ஆண்டில், மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வர் என்னும் வியாபார மென்பொருள் லினக்சில் ஓடத் தொடங்கியது. புற்றுநோய் என்றவர்கள் வீட்டுச் சரக்கே பென்குவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது!

கறை பட்டது!

நாற்காலி போடுவது சரி. ஆனால் சிலர் தரைக்குள்ளேயே பெட்டியைப் புதைக்கப் பார்த்தால்?

படம் காட்டும் அட்டை, வை-பை கருவி போன்றவை லினக்சின் உள்ளே புகுந்து வேலை செய்ய வேண்டியவை. அவற்றைச் செய்யும் கம்பெனிகளில் சில, நிரலைப் பூட்டியே கொடுத்தன. லினக்ஸ் எழுதுகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பழுது வந்தால் தங்களால் பார்க்க முடியாது என்றார்கள்.

அதனால் ஒரு முத்திரையை ஏற்படுத்தினார்கள். பூட்டிய நிரல் உள்ளே வந்தால், லினக்ஸ் தன் மேல் "கறை பட்டது" என்று தானே குறித்துக்கொள்ளும். அந்த நிலையில் ஒருவர் பழுது என்று புகார் எழுதினால், "முதலில் பூட்டிய பெட்டியை எடுத்துவிட்டு வாருங்கள்" என்று பதில் வரும்.

படம் காட்டும் அட்டைகளுக்குப் பேர் போன கம்பெனி என்விடியா. 2012-ம் ஆண்டு பின்லாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில், லினஸ் அந்தக் கம்பெனியை வசை பாடினார். கேமரா முன்னால் விரலை நீட்டி அநாகரிகமாகச் சைகையும் செய்தார்! பத்து ஆண்டுகள் கழித்து, 2022-ம் ஆண்டில், லினக்சுக்கு உள்ளே செல்லும் தன் நிரலின் செய்முறையை என்விடியா வெளியிட்டது.

'டெபியன்' என்ற குழு வேறு வழி கண்டது. இவர்கள் லினக்சைத் தொகுத்து மக்களுக்குக் கொடுப்பவர்கள். 1997-ம் ஆண்டில் மக்களோடு ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். பூட்டிய மென்பொருளுக்குத் திண்ணையில் தனி இடம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வீட்டின் பகுதி அல்ல.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதிய மடிக் கம்ப்யூட்டரில் டெபியனை ஏற்றியவர்கள் பலர் திண்டாடினார்கள். வை-பை வேலை செய்யாது. அதற்கான பூட்டிய நிரல் திண்ணையில் இருக்கும். அதை எடுத்து வர வை-பை வேண்டும்! கடைசியில் 2022-ம் ஆண்டில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். கருவிகளை இயக்கத் தேவையான பூட்டிய நிரல்களை மட்டும், நிறுவும் தொகுப்போடு சேர்ப்பது என்று முடிவாயிற்று.

கொள்கை ஒரு பக்கம். அன்றாட வேலை ஒரு பக்கம். இந்த இழுபறி லினக்ஸ் வீட்டில் என்றும் ஓய்ந்ததில்லை. ஆனால் அது உச்சத்துக்குப் போனது, லினஸ் தாமே ஒரு பூட்டிய பெட்டியை வீட்டுக்குள் கொண்டு வந்தபோதுதான்.

நண்பர் கொடுத்த பேரேடு

மளிகைக் கடையில் பேரேடு எழுதுகிறார்கள். யார், என்று, என்ன வாங்கினார். எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். நிரல் எழுதுகிறவர்களுக்கும் இப்படி ஒரு பேரேடு வேண்டும். யார், என்று, எந்த வரியை மாற்றினார்? ஏன் மாற்றினார்? தவறு என்றால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது? இதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு.

லினஸ் பல ஆண்டுகள் பேரேடு இல்லாமலே காலம் தள்ளினார். திருத்தங்கள் கடிதமாக வரும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் சேர்ப்பார். நூற்றுக்கணக்கானவர்கள் அனுப்பத் தொடங்கியதும் தாங்கவில்லை. பல திருத்தங்கள் கவனிக்கப்படாமலே போயின. அனுப்பியவர்கள் முணுமுணுத்தார்கள்.

இதைப் பார்த்துக் கவலைப்பட்டவர் லாரி மெக்வாய். அமெரிக்க எஞ்சினீயர். லினசின் நண்பர். சுமை தாங்காமல் லினஸ் ஒடிந்துவிடுவாரோ என்று பயந்தார். 'பிட்கீப்பர்' என்ற பேரேட்டு மென்பொருளை அவருடைய கம்பெனி செய்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஈடு இல்லை என்று லினஸ் கருதினார்.

பிட்கீப்பர் வியாபாரச் சரக்கு. காசுக்கு விற்பது. செய்முறை பூட்டியது. ஆனால் லினக்ஸ் எழுதுகிறவர்களுக்கு மெக்வாய் காசு வாங்காமல் கொடுத்தார். 2002-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் லினஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். வேலை வேகம் பிடித்தது. தவறிப் போன திருத்தங்கள் குறைந்தன.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. காசில்லாமல் பிட்கீப்பரைப் பயன்படுத்துகிறவர், அதற்குப் போட்டியான மென்பொருளைச் செய்யக்கூடாது!

மெக்வாயின் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த சரக்கைப் பார்த்து யாராவது நகல் செய்துவிட்டால், கம்பெனி மூடிப் போகும்.

மற்றவர்கள் கொதித்தார்கள். சுதந்திரத்தின் சின்னம் என்று நாம் காட்டும் லினக்சே, பூட்டிய பெட்டியை நம்பிப் பிழைப்பதா? அந்தப் பெட்டியின் சாவி ஒரு தனி மனிதரிடம் இருக்கிறதே! நாளைக்கு அவர் பிடுங்கிக்கொண்டால்? லினக்சோடு சேர்ந்து வந்த பிட்கீப்பர் குறிப்பை நீக்க வேண்டும் என்று ஒருவர் 2002-ம் ஆண்டிலேயே கோரினார். பெரிய வாய்ச் சண்டை நடந்தது.

லினஸ் அசையவில்லை. கொள்கைக்காக மட்டமான கருவியை எடுக்க மாட்டேன். இருப்பதில் நல்லதைத்தான் எடுப்பேன் என்பது அவர் கட்சி. இதைவிட நல்லதைச் செய்து கொண்டு வாருங்கள், மாறிவிடுகிறேன் என்றார்.

காது கொடுத்துக் கேட்டவர்

மூன்று ஆண்டுகள் ஓடின. அப்போதுதான் டிரிட்ஜெல் வந்தார்.

இவர் சாதாரண ஆள் அல்ல. மைக்ரோசாப்டின் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் பேச்சைக் கவனித்து, லினக்சும் அதே பேச்சைப் பேசும்படி 'சாம்பா' என்ற மென்பொருளை உண்டாக்கியவர்.

எப்படி முடிந்தது என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு உவமை சொன்னார். பிரெஞ்சு மொழி தெரியாத ஒருவர் பிரெஞ்சு ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னால் பரிமாறுகிறவர் என்ன கொண்டு வருகிறார் என்று கவனிக்கிறார். நாளடைவில் மொழி வந்துவிடும். தாம் செய்ததும் அதுதான் என்றார்.

பிட்கீப்பரிடமும் அவர் அப்படியே நடந்துகொண்டார். அவர் பிட்கீப்பரைப் பயன்படுத்தியதில்லை. அதன் நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டதும் இல்லை. தொடர்பு கொண்டு "ஹெல்ப்" என்றார். வந்த பதிலை வைத்து, பிட்கீப்பர் பேரேட்டில் இருக்கும் கணக்கைப் படிக்க ஒரு சிறு மென்பொருள் எழுதினார். எழுதிய கணக்கு லினக்ஸ்காரர்களுடையது. அதைப் பார்க்கப் பிறருடைய சாவி எதற்கு என்பது அவர் எண்ணம்.

மெக்வாய் ஆத்திரம் அடைந்தார். வேடிக்கை என்னவென்றால், லினசும் டிரிட்ஜெலும் அப்போது ஒரே அமைப்பிடம் சம்பளம் வாங்கினார்கள்! ஒரு கையால் என் சரக்கை இலவசமாக வாங்குகிறீர்கள், மறு கையால் என் தொழிலைக் கெடுக்கிறீர்கள் என்பது மெக்வாயின் குறை.

2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், இலவசப் பிட்கீப்பர் இனி இல்லை என்று அறிவிப்பு வந்தது.

பயந்தது நடந்தேவிட்டது. பேரேடு போயிற்று!

லினசுக்கு யார் மேல் கோபம் தெரியுமா? மெக்வாய் மேல் அல்ல. டிரிட்ஜெல் மேல்! நன்றாக நடந்த ஏற்பாட்டை அவர் கெடுத்துவிட்டார் என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். டிரிட்ஜெல் செய்ததில் தவறே இல்லை என்று மற்றொரு கூட்டம் வாதாடியது. கான்பெரா மேடையில் அவர் அந்த நான்கு எழுத்தை எழுதிக் காட்டியது இந்தச் சமயத்தில்தான்.

ஸ்டால்மன் சும்மா இருப்பாரா? மெக்வாய்க்கு நன்றி சொல்லி ஒரு கட்டுரை எழுதினார்! பூட்டிய பெட்டியை நம்பக்கூடாது என்று நாங்கள் சொல்லி விளங்காததை, நீங்கள் செய்து விளக்கிவிட்டீர்கள் என்பது அதன் கருத்து.

பிறந்தது 'கிட்'

லினஸ் லினக்ஸ் வேலையை நிறுத்தி வைத்தார். வேறு பேரேடுகளைப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. தாமே எழுத உட்கார்ந்தார்.

ஏப்ரல் 3-ந் தேதி தொடங்கினார். 7-ந் தேதி, அந்தப் புதிய பேரேடு தன்னுடைய கணக்கைத் தானே எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நாலே நாள்! அந்த மாதமே லினக்சின் கணக்கு அதற்கு மாறியது. ஜூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு, புதிய பேரேட்டில் கணக்கு எழுதியே தயாரானது.

அதற்கு அவர் வைத்த பெயர் 'கிட்'. ஆங்கிலேயர் பேச்சில் அதற்கு 'உதவாக்கரை' என்பது போன்ற பொருள். தாம் செய்வதற்கெல்லாம் தம் பெயரையே வைப்பது வழக்கம். முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று லினஸ் தம்மையே கேலி செய்துகொண்டார். ஜூலை மாதம் அதன் பொறுப்பை ஜுனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, தம் பழைய வேலைக்குத் திரும்பினார்.

கிட்டின் சிறப்பு என்ன? கடையில் ஒரே ஒரு பேரேடு என்பது இதில் இல்லை. பங்காளி ஒவ்வொருவர் கையிலும் முழுப் பேரேடும் இருக்கும். முதல் நாள் முதல் இன்று வரை! ஒருவர் கோபித்துக்கொண்டு எடுத்துப் போனாலும், மற்றவரிடம் கணக்கு அப்படியே இருக்கும். பதிவு ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல ஒரு அடையாளம் உண்டு. யாராவது பழைய கணக்கைத் திருத்தினால், ரேகை மாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பேரேட்டைப் பங்காளிகள் அனைவரிடமும் பிரித்து வைப்பது எவ்வளவு பயன் உள்ளது என்பதை, லினஸ் கற்றுக்கொண்டது பிட்கீப்பரிடம்தான். அவரே அதை மறைக்கவில்லை. மெக்வாய் இரவல் கொடுத்திராவிட்டால், கிட்டும் இப்படிப் பிறந்திருக்காது.

பெட்டி திறந்தது

கிட் நாடெங்கும் பரவியது. 2008-ம் ஆண்டில் கிட் பேரேடுகளைச் சேர்த்து வைக்கும் 'கிட்ஹப்' என்ற கம்பெனி தோன்றியது. 2018-ம் ஆண்டில் அதை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியது.

இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிட் கட்டற்றது. ஆனால் கிட்ஹப் நடக்கும் மென்பொருள் பூட்டியது! பூட்டிய பெட்டி மறுபடியும் வந்துவிட்டதே என்று சிலர் கவலைப்பட்டார்கள். ஆயினும் முன்போல முழுத் தவிப்பு இல்லை. பிடிக்காதவர்கள் தங்கள் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம். சிலர் போகவும் செய்தார்கள்.

மெக்வாயின் கம்பெனி என்ன ஆயிற்று? 2016-ம் ஆண்டில் பிட்கீப்பரின் செய்முறையை அதுவே வெளியிட்டது. பெட்டி திறந்தது. ஆனால் அதற்குள் ஊரே வேறு பேரேட்டுக்குப் போய்விட்டது.

யார் சொன்னது சரி?

லினஸ் சொன்னதும் பொய் இல்லை. மூன்று ஆண்டுகள் பிட்கீப்பரால் லினக்சுக்கு லாபம்தான். நல்ல கருவி எங்கே இருந்தாலும் எடுத்து வேலை செய்யத்தான் வேண்டும்.

ஸ்டால்மன் சொன்னதும் பொய் இல்லை. பிறர் சாவியை நம்பி நின்றவர்கள் ஒரு நாள் வாசலில் நின்றார்கள். பிட்கீப்பர் காசில்லாமல் கிடைத்தது உண்மை. ஆனால் அது இலவசமாக இருந்ததே தவிர, சுதந்திரமாக இல்லை. கொடுத்தவர் எடுத்துக்கொண்டார். கேட்க வழி இல்லை.

லினஸ் தப்பியதற்குக் காரணம், அவர் லினஸ் என்பதுதான். பேரேடு போனால் நாலு நாளில் புதிய பேரேடு எழுத அவரால் முடிந்தது. எல்லாராலும் முடியுமா?

இன்று நம் வீடுகளில் கைபேசி இல்லாத வீடு அரிது. பிள்ளைகளின் போட்டோக்கள், கடைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பள்ளிப் பாடம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசி என்றால், அடியில் இருப்பது பென்குவின் வீடு. மேலே வைத்திருப்பவை பெரும்பாலும் பூட்டிய பெட்டிகள். அவற்றில் பல காசில்லாமல் கிடைப்பவை.

பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். தவறு இல்லை. ஆனால் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நாளைக்கு இந்தக் கம்பெனி கடையை மூடினால், என் கணக்கும் என் பிள்ளைகளின் படமும் என் கைக்குத் திரும்பி வருமா?"

வரும் என்றால் கவலை இல்லை. வராது என்றால், இன்றைக்கே ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.